இரு கிளைகள் ஒன்றாகும்போது

ஒரே கட்டுரையின் இரண்டு பிரதிகள் உங்கள் கையில் உள்ளன. ஒன்றில் ஒரு வரி இருக்கிறது. மற்றொன்றில் அது இல்லை. அந்த வரியை ஒருவர் புதிதாகச் சேர்த்தாரா, அல்லது மற்றவர் அடித்துவிட்டாரா? இரண்டு பிரதிகளை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. இருவரும் எந்தப் பிரதியிலிருந்து தொடங்கினார்களோ, அந்த மூன்றாவது பிரதி வேண்டும்.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடும் முன் பல ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டார். அவரிடம் மூல ஏடு இல்லை. ஆகவே தம் புலமையைக் கொண்டே எது சரியான பாடம் என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. கணிப்பொறியில் இந்தக் குறையை நீக்குவதற்கு வழி உண்டு. பழைய பிரதிகள் எல்லாவற்றையும் வரிசையாகப் பாதுகாத்து வைத்தால் போதும். இதைச் செய்யும் மென்பொருள்களுள் ஒன்றுதான் ‘கிட்’. லினக்ஸ் என்னும் இயக்கு தளத்தைப் பலர் கூடி எழுதுவதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை உருவாக்கினார்.

கிளையும் இணைப்பும்

நீங்கள் நெய்வேலி நகரியத்திலும், உங்கள் நண்பர் அதை அடுத்துள்ள வடக்குத்திலும் இருப்பதாகக் கொள்வோம். இருவரும் பழுப்பு நிலக்கரியைப் பற்றி ஒரு கோப்பு எழுதுகிறீர்கள். தொடக்கத்தில் அதில் இருப்பவை நான்கு வரிகள்:

வெப்ப அலகு: கிலோ கலோரி
1 கிலோவின் வெப்பம்: 2,600
ஈரப்பதம்: ஏறத்தாழப் பாதி
எரிக்கும் முறை: தூளாக்கி

இதுவே பொது மூதாதை. இங்கிருந்து நண்பர் ‘வடக்குத்து’ என்ற கிளையைப் பிரித்துக்கொண்டு எழுதுகிறார். நீங்கள் ‘மெயின்’ என்னும் முதன்மைக் கிளையில் எழுதுகிறீர்கள். பின்னர் அவருடைய கிளை உங்கள் கணிப்பொறிக்கு வந்து சேர்கிறது. இனி கட்டளைத் திரையில் செய்ய வேண்டியவை மூன்று. (ஒலிப்பைத் தமிழில் தந்துள்ளேன், கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். கிளைக்குத் தமிழ்ப் பெயர் இருந்தால் கிட் ஏற்றுக்கொள்ளும்.)

கிட் ஸ்டேட்டஸ்: பதிவு செய்யாத வேலை ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க.
கிட் ஸ்விட்ச் மெயின்: எந்தக் கிளையில் சேர்க்க வேண்டுமோ, அங்கே போய் நிற்க.
கிட் மெர்ஜ் வடக்குத்து: நண்பரின் கிளையை இணைக்க.

மூன்றாவது கட்டளை பிறந்ததும் கிட் முதலில் பொது மூதாதையைத் தேடி எடுக்கிறது. பிறகு மூன்று பிரதிகளையும் வரி வரியாக ஒப்பிடுகிறது. அதன் விதிகள் எளியவை. ஒருவர் மட்டும் மாற்றிய வரியில் அந்த மாற்றம் ஏற்கப்படும். இருவரும் ஒரே மாதிரி மாற்றியிருந்தாலும் ஏற்கப்படும். ஒரே இடத்தை இருவரும் வெவ்வேறாக மாற்றியிருந்தால் அது முரண்பாடு. கிட் அங்கே நின்றுவிடும்.

முரண்பாடு வந்தால்

இரண்டாம் வரியில் நீங்கள் 2,650 என்றும், நண்பர் 2,550 என்றும் திருத்தியிருந்தால் முரண்பாடு தோன்றும். கோப்பைத் திறந்தால் அந்த இடத்தில் இவ்வாறு காண்பீர்கள்:

<<<<<<< ஹெட்
1 கிலோவின் வெப்பம்: 2,650
=======
1 கிலோவின் வெப்பம்: 2,550
>>>>>>> வடக்குத்து

மேலே இருப்பது உங்கள் வரி. கீழே இருப்பது நண்பரின் வரி. இருவரும் பேசி முடிவு செய்து, சரியான வரியை மட்டும் வைத்துக் குறிகளை அழித்துவிடுங்கள். பின்னர் ‘கிட் ஆட்’ என்ற கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்து, அடுத்து ‘கிட் கமிட்’ என்று பதிவு செய்தால் இணைப்பு முடிந்தது. குழப்பமாக இருந்தால் ‘கிட் மெர்ஜ்’ என்பதோடு இரண்டு சிறு கோடுகளும் ‘அபார்ட்’ என்ற சொல்லும் சேர்த்துத் தட்டுங்கள். இணைப்புக்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்பிவிடலாம்.

முரண்பாடு வராவிட்டால்?

முரண்பாட்டைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று. மறுபடியும் அந்த நான்கு வரிகளிலிருந்து தொடங்குவோம். நண்பர் கலோரியை ஜூலாக மாற்றுகிறார்: முதல் வரியில் ‘கிலோ ஜூல்’, இரண்டாம் வரியில் 10,880. (ஒரு கலோரி 4.184 ஜூல் அல்லவா?) நீங்களோ கடைசியில் ‘3 கிலோவின் வெப்பம்: 7,800’ என்று ஒரு வரி சேர்க்கிறீர்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரி. மாற்றங்கள் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் கிட் எந்தத் தடையும் சொல்லாமல் இணைத்துவிடும். ஆனால் இணைந்த கோப்பு என்ன சொல்கிறது? 1 கிலோ எரிந்தால் 10,880 கிலோ ஜூல். 3 கிலோ எரிந்தால் 7,800 கிலோ ஜூல்! கிட் வரிகளை மட்டுமே ஒப்பிடுகிறது. அலகு என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

இது வெறும் வேடிக்கையன்று. செவ்வாயை நோக்கி அமெரிக்கா ஏவிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்ற விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று அழிந்தது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துதலைப் பவுண்டு-வினாடியில் தந்தது. அதைப் பெற்ற மற்றொன்று அந்த எண்ணை நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டது. அங்கே கிட் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். இரண்டு பகுதிகள் தடையின்றிப் பொருந்திவிட்டதாலேயே அவை உடன்படுகின்றன என்று பொருளாகாது.

எனவே ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் முழுக் கோப்பையும் படியுங்கள். நிரலானால் ஓட்டிச் சோதியுங்கள். கிளைகளை நெடுநாள் பிரித்து வைக்காமல் அடிக்கடி இணைத்துவந்தால், படித்துப் பார்க்க வேண்டியதும் குறைவாக இருக்கும்.

நீங்களே விடை காணுங்கள்

1. மூன்றாம் வரியை நீங்கள் நீக்கிவிட்டீர்கள். நண்பர் அதே வரியைத் திருத்தினார். கிட் என்ன செய்யும்?
2. மேலே பிழையாக இணைந்த கோப்பின் கடைசி வரியில் எந்த எண் இருக்க வேண்டும்?

(விடைகள்: 1. முரண்பாடு என்று நின்றுவிடும். 2. 32,640.)