புதுக் கம்ப்யூட்டர் யாருக்கு லாபம்?

கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிறோம் என்று தெருவில் தெரிந்துவிட்டால் போதும் நண்பர்களே, எல்லா வீட்டுக்கும் நாம்தான் இன்ஜினியர்! எங்கள் தெருவில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கும் அக்கா ஒருநாள் கூப்பிட்டார்.

"தம்பி, சிஸ்டம் ரொம்ப ஸ்லோப்பா. ஏ.ஐ. லேப்டாப்னு வந்திருக்காமே, எழுபதாயிரம் சொல்றாங்க. சீட்டு எடுத்து வாங்கிடட்டுமா?"

சீட்டுப் பணம். 'வாங்குங்க' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2024-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கோபைலட் பிளஸ் வகைக் கம்ப்யூட்டருக்கு, நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போடும் என்.பி.யு. என்ற தனிப் பகுதி வேண்டும். வீடியோ காலில் பின்னணியை மங்கலாக்குவது போன்ற வேலைகளை அது குறைந்த மின்சாரத்தில் செய்யும். நல்லதுதான். ஆனால் பிரௌசரில் சாட்ஜிபிடியிடம் கேள்வி கேட்டால், பதில் வருவது எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து. அதில் நம் என்.பி.யு.வுக்கு வேலையே இல்லை. கோரல்டிராவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அக்காவுக்கு அது எதற்கு?

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசசர் 15 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். குற்றவாளி அங்கேயே மாட்டிக்கொண்டான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்காவின் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி செகண்டு. வேண்டிய இடம் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, 4.17. ஹெட் நகர்வதற்கு ஏறக்குறைய 9. மொத்தம் 13 மில்லி செகண்டு. சிதறிக் கிடக்கும் தகவலை நொடிக்கு 75 முறைதான் எடுக்க முடியும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே கிடையாது. ஒருமுறை எடுக்க சுமார் 0.1 மில்லி செகண்டு. நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்!

1967-ல் ஜீன் அம்டால் சொன்ன விதி இங்கே அப்படியே பொருந்தும். சிஸ்டம் வேலைக்குத் தயாராக 130 நொடி ஆகிறது, அதில் 100 நொடி டிஸ்குக்காகக் காத்திருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராசசரை ஆயிரம் மடங்கு வேகமாக்கினாலும் 100 நொடிக்குக் கீழே இறங்காது.

புது லேப்டாப்பும் வேகமாகத்தான் ஓடியிருக்கும், மறுக்கவில்லை. அதற்குள்ளும் எஸ்.எஸ்.டி. இருக்கிறதே! உழைப்பு அதனுடையது, பெயர் ஏ.ஐ.க்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அக்காவின் பிராசசர் எட்டாம் தலைமுறை இன்டெல் என்பதால் பயாஸில் டி.பி.எம்.மை ஆன் செய்ததும் விண்டோஸ் 11 ஏற்றுக்கொண்டது. ஏழாம் தலைமுறையாக இருந்திருந்தால் என் பேச்சு எடுபட்டிருக்காது.

வாடிக்கையாளர் ஃபைல்களை முதலில் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு (இதை மறந்துடாதீங்க!) எஸ்.எஸ்.டி. மாட்டினேன். செலவு சில ஆயிரத்தோடு முடிந்தது. இப்போது 25 நொடியில் சிஸ்டம் தயார்.

அக்கா சீட்டை எடுக்கவில்லை. "யு.பி.எஸ். பேட்டரியும் போயிடுச்சு தம்பி, அதையும் கொஞ்சம் பாரேன்" என்றார்.