கல்லைக் கோக்கும் கை: ஒரு நகைப் பட்டறையின் பாடம்

கைத்தொழிலில் புதுமை எவ்வாறு பிறக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் நடந்த ஒரு நகைப் பட்டறை நல்ல உதாரணமாகும். அதை நடத்தியவர் மார்கரெட் டி பட்டா (1903–1964) என்னும் அம்மையார். ஓவியம் பயின்ற அவர், 1929-இல் தம் மனத்துக்கு இசைந்த திருமண மோதிரம் கடைகளில் அகப்படாமையால் நகைத்தொழில் கற்கத் தொடங்கினார். பின்னர், 1940–41-இல், சிகாகோவில் மொஹோலி-நாகி என்னும் ஹங்கேரியக் கலைஞரிடம் பயின்றார். ஒளியும் வெட்டவெளியும்கூடக் கலைஞனின் மூலப்பொருள்களே என்பது அந்த ஆசிரியரின் போதனை.

வழக்கமாகக் கல் முதலில் பட்டை தீட்டப்படும். அதன் அளவுக்குத் தங்கவேலை பின்னர் நடைபெறும். அம்மையார் இந்த முறையை ஏற்கவில்லை. பிரான்சிஸ் ஸ்பெரிஸன் என்ற கல்வெட்டுத் தொழிலாளியுடன் கலந்து, கல்லையும் உலோகத்தையும் ஒருங்கே திட்டமிட்டார். நீரில் இட்ட கோல் வளைந்து தோன்றுவதை நாம் அறிவோம். அதுபோலவே, படிகக் கல்லின் பட்டைகள் தக்க கோணத்தில் அமைந்தால், பின்னே வைத்த ஒரு கம்பி பலவாகப் பெருகியும் முறிந்தும் காணும். அணிந்தவர் கை அசையுந்தோறும் கோலம் மாறும். கல்லினுள் ஊசி ஊசியாய்ப் பொதிந்த தாதுக்களையும் அவர் விரும்பி ஏற்றார். தெளிந்த கல்லையே தேடும் வியாபாரக் கண்ணுக்கு அது குறை. அவருக்கோ இயற்கை இழைத்த கோடு.

இத்தகைய நகை செல்வர்க்கு மட்டுமே எட்டியது அவருக்கு உறுத்தலாயிற்று. ஆகவே 1946-இல் கணவர் யூஜின் பியலாவ்ஸ்கியுடன் ‘டிஸைன்ஸ் கன்டெம்பரரி’ என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். கையால் ஒரு மாதிரி செய்து, அச்செடுத்து, வார்ப்பில் பல நகல்கள் செய்து குறைந்த விலைக்கு அளிப்பதே நோக்கம். ஜக்கார்டு அட்டையை ஒருமுறை துளைத்தால் போதும். ஆயினும் ஒவ்வொரு கெஜமும் நெய்தே தீரவேண்டும் என்பது நெசவாளர் அறிந்ததே. வார்ப்பும் அத்தகையதே. அராவுதல், கல் பதித்தல், மெருகிடுதல் ஆகிய வேலைகள் ஒவ்வொரு நகைக்கும் மிஞ்சி நின்றன. புதியது சிந்திக்க வேண்டிய பொழுதை நகல்வேலை தின்றது. 1950-களின் பிற்பகுதியில் அம்முயற்சி கைவிடப்பட்டது. நோக்கம் தவறு என்று நாம் கூற மாட்டோம். கூலிக் கணக்கே இடித்தது.

இதனிடையே, 1951-இல் அந்நகரத்து உலோகக் கலைஞர்கள் கூடி ‘மெட்டல் ஆர்ட்ஸ் கில்ட்’ என்ற சங்கத்தை நிறுவினர். அதைத் தோற்றுவித்தோருள் அம்மையாரும் ஒருவர்.