டிக்கெட் கடைசியில்தான்

இலங்கை மலையகத்து வட்டகொடையிலிருந்து முதன்முதலாகத் தனியே ஐரோப்பா போக நினைப்பவர், விமான டிக்கெட் தேடுமுன் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். தோட்டக் குடும்பங்களின் பத்திரங்களில் தகப்பன் பெயர் ஒன்றில் ‘இராமசாமி’, இன்னொன்றில் ‘ராமசாமி’ என்றிருக்கும். லயத்தில் அது ஒரே ஆள். ஆங்கில எழுத்துக்கு மாறினால் இரண்டு ஆள். பெயர் திருத்த எத்தனை நாள் ஆகுமென்று முன்கூட்டிச் சொல்லமுடியாது. ஐரோப்பா போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கோ பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆகவே வேலையைப் பெயரில் தொடங்குவதுதான் சரி.

‘பிந்தினால் டிக்கெட் விலை ஏறிவிடுமே’ என்பார்கள். ஏறும், உண்மைதான். ஆனால் விசா முடிவுக்கு வழமையாக 15 நாள், சிலவேளை 45 நாள்கூட ஆகும். மறுக்கப்பட்டால் 90 யூரோ கட்டணம் திரும்பாது. மலிவு டிக்கெட்டின் காசும் பெரும்பாலும் அப்படியே போகும். தோட்டத்துச் சம்பளத்தில் மிச்சம்பிடித்த பணத்துக்கு அந்த ஆபத்து வேண்டாம். விண்ணப்பத்துக்குப் பொதுவாக விமான முன்பதிவே போதும். பல நாடுகளுக்குப் போவதானால், அதிக நாள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பியுங்கள். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும். லண்டன் உறவினரையும் பார்க்க நினைத்தால் பிரித்தானிய விசா தனி.