கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு புது பைக்குகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. ஆனால் அதற்கு முன்பு வாங்கிய ஸ்ப்ளெண்டரும் எக்ஸ்எல் சூப்பரும் இன்னும் தெருவில் ஓடுகின்றன. தோப்பில் புல் வெட்டும் பிரஷ் கட்டர், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், கரண்ட் போனால் கடைவாசலில் உறுமும் சின்ன ஜெனரேட்டர் என்று கார்புரேட்டரை நம்பி ஓடுபவை ஏராளம். அதைப் பற்றிய தவறான நம்பிக்கைகளுக்கும் பஞ்சமில்லை.

முதலில் ஒரு அடிப்படை. பிஸ்டன் கீழே இறங்கும்போது இன்ஜின் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று கார்புரேட்டரின் குறுகலான கழுத்தைக் கடக்கையில் வேகம் கூடி, அழுத்தம் குறைகிறது. உடனே கீழ்க் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஜெட் எனும் நுண்துளை வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அந்தக் கணக்கை ஒட்டி, சில துளைகளின் அளவை மட்டுமே வைத்துக்கொண்டு பெட்ரோலை அளந்து கொடுக்கும் கருவிதான் கார்புரேட்டர்.

நம்பிக்கை 1: ஸ்க்ரூவை டைட் வைத்தால் மைலேஜ் கூடும்.

உண்மை: பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்க்ரூ ஐட்லிங்கிலும், ஆக்சிலேட்டரைக் கால்வாசி திறக்கும் வரையிலும்தான் பேசும். அதற்கு மேல் ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடில் தொங்கும் ஊசியும், முக்கால்வாசிக்கு மேல் மெயின் ஜெட்டும் பொறுப்பேற்றுக்கொள்கின்றன. ஹைவேயில் அறுபதில் போகும் வண்டியின் மைலேஜை இந்த ஸ்க்ரூ தீர்மானிப்பதில்லை.

அதைவிட முக்கியம், ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. ஸ்லைடுக்கும் ஏர் ஃபில்டருக்கும் நடுவே இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்க்ரூ. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். இதை டைட் வைத்தால் காற்று குறைந்து, பெட்ரோல் கூடுதலாகத்தான் போகும். ஸ்லைடைத் தாண்டி இன்ஜின் பக்கம் இருந்தால், அது பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துவது. இதை முழுக்க டைட் வைத்தால் கலவை மெலிந்து, வண்டி சூடேறும். ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கும்.

ட்யூனிங் செய்கிற முறை இது. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவு வெளியே எடுத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து, கால் சுற்று கால் சுற்றாக நகர்த்துங்கள். ஐட்லிங் எங்கே அதிகமாகவும் சீராகவும் கேட்கிறதோ அங்கே நிறுத்திவிட்டு, ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். 100 சிசி வண்டிகளுக்குப் பொதுவாக 1,400 ஆர்பிஎம் சுற்றுவட்டாரம் போதும். முட்டிய பிறகும் அழுத்தித் திருகினால் ஸ்க்ரூவின் ஊசிமுனையில் வளையம்போல் தழும்பு விழும். அதன்பின் அந்த ஸ்க்ரூவை வைத்து ஐட்லிங்கைச் சீராக வைப்பது கடினம்.

நம்பிக்கை 2: ஜெட் அடைத்தால் கம்பியால் குத்தினால் போதும்.

உண்மை: ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பித்தளை மென்மையானது, கிளட்ச் கேபிளிலிருந்து பிரித்த இரும்பு இழை அதைச் சுரண்டிவிடும். 0.40 மி.மீ. துளை 0.44 ஆனால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடுகிறது. ஐட்லிங்கில் பெட்ரோல் கொட்டும். பிளக் கரி பிடிக்கும். ‘அன்றைக்கு சரி பண்ணினோமே, மைலேஜ் ஏன் விழுந்தது?’ என்ற கேள்விக்குப் பதில் பல நேரம் இதுதான்.

கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமான, சுத்தமான புள்ளியாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதே எண்ணுள்ள புது ஜெட் வாங்கிப் போடுவதே மேல். ஒன்று மறக்க வேண்டாம்: ரப்பர் வாஷர், கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட் எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் கிளீனரும் கம்ப்ரசர் காற்றும்.

நம்பிக்கை 3: பிக்கப் இல்லையா? கார்புரேட்டர் போச்சு.

உண்மை: கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. ஏர் ஃபில்டர் புழுதியில் அடைத்திருந்தால் வண்டி மூச்சுத் திணறும், பெட்ரோலும் அதிகம் குடிக்கும். டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால் கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். கார்புரேட்டரும் இன்ஜினும் சேரும் இடத்து ரப்பரில் விரிசல் இருந்தால் ஐட்லிங் ஏறி இறங்கும். டயரில் காற்றுக் குறைவும், உரசிக்கொண்டே ஓடும் பிரேக்கும் மைலேஜைத் தின்பவைதாம். இவற்றில் எதையும் கார்புரேட்டர் சர்வீஸ் சரிசெய்யாது.

நம்பிக்கை 4: கிக்கருக்கு முன் ஆக்சிலேட்டரை நாலு முறை முறுக்கினால் உடனே ஸ்டார்ட் ஆகும்.

உண்மை: நம்மூர் 100 சிசி வண்டிகளின் கார்புரேட்டரில் பொதுவாக ஆக்சிலேட்டர் பம்ப் கிடையாது. இன்ஜின் இழுக்காமல் பெட்ரோல் வராது, ஆகவே முறுக்கியதில் பயனில்லை. குளிர்ந்த இன்ஜினுக்கு சோக் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் உதையுங்கள். வண்டி நிதானத்துக்கு வந்ததும் சோக்கை எடுத்துவிட வேண்டும்.

நம்பிக்கை 5: பெட்ரோல் ஒழுகினால் ஒரு தட்டு தட்டினால் சரியாகும்.

உண்மை: தட்டினால் சில நேரம் நிற்கும். கிண்ணத்துக்குப் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஃப்ளோட் ஊசியின் நுனியில் சிக்கிய தூசி நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஊசியின் நுனி தேய்ந்திருந்தால் மறுநாளே திரும்ப ஒழுகும். ஒழுகும் பெட்ரோல் எப்போதும் வெளியே மட்டும் போவதில்லை. இன்ஜினுக்குள் இறங்கினால் ஆயிலைத் தண்ணீராக்கிவிடும். ஆயில் அளவு தானாகக் கூடி, பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை ஓட்டாமல் ஆயிலை மாற்றுங்கள். வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் டேப்பை மூடும் பழக்கம் நல்ல காவல்.

நம்பிக்கை 6: பிரஷ் கட்டருக்கு ஆயில் கூட ஊற்றினால் இன்ஜினுக்குப் பாதுகாப்பு.

உண்மை: டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே ஜெட்டைக் கடக்கிறது. ஆயில் கூடினால் அதே துளையில் போகும் பெட்ரோல் குறையும். கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும். போதாததற்கு புகையும், பிளக்கில் கரியும். லிட்டருக்கு 20 மில்லியா 40 மில்லியா என்பதை மெஷினோடு வந்த புத்தகம் சொல்லும். அதில் கை வைக்க வேண்டாம்.

நம்பிக்கை 7: எத்தனால் பெட்ரோலுக்குப் பெரிய மெயின் ஜெட் போட்டால் தீர்ந்தது.

உண்மை: எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும், ஒரு கிராமுக்கு 9 கிராம். 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 13.5 கிராம். இன்ஜெக்‌ஷன் வண்டி சென்சாரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வசதி இல்லாததால் கலவை சற்று மெலியும். ஆனால் மெயின் ஜெட் பொறுப்பேற்பது ஆக்சிலேட்டரை முக்கால்வாசிக்கு மேல் திறக்கும்போதுதான். ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு அதை மாற்றி ஆவதொன்றுமில்லை.

கவனிக்க வேண்டியது தண்ணீரை. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஓட்டாமல் மாதக்கணக்கில் நின்ற மெஷினின் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும், சுவரில் மஞ்சள் பிசின் ஒட்டியிருக்கும். முதலில் அடைவது ஸ்லோ ஜெட்தான், துளை சிறியதல்லவா? ஆகவே சீசன் முடிந்து பிரஷ் கட்டரை மூலையில் வைக்கும் முன் டேங்கைக் காலிசெய்து, தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். பைக்காக இருந்தால் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி வடித்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. அடுத்த சீசனில் சர்வீஸ் செலவு மிச்சம்.