மரம் சுமந்த ஆறு

ஐரோப்பாக் கண்டத்தில் ஸ்லோவேனியா என்னும் சிறு நாடு உளது. அதன் மேற்குப் பகுதியில், செங்குத்தான மலைகளுக்கு நடுவே, இத்ரியா என்னும் ஊர் அமைந்துள்ளது. 1490-ஆம் ஆண்டில், மரத்தொட்டி செய்வான் ஒருவன் அங்குள்ள ஓடையில் தன் தொட்டியை ஊறவைத்தபோது, அதன் அடியில் பளபளக்கும் நீர்மம் ஒன்றைக் கண்டான் என்பர். அது பாதரசம். அதன்பின் தோன்றிய சுரங்கம் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் நிலைத்தது.

சாதிலிங்கம் என்னும் செந்நிறக் கனிமத்தைச் சூளையிலிட்டு வறுத்தே அதிலிருந்து பாதரசத்தைப் பிரித்தனர். சூளைக்கு விறகு வேண்டும். சுரங்கத்தின் கூரை சரியாதவாறு முட்டுக்கொடுக்கவும் மரம் வேண்டும். ஊரையடுத்த காடுகள் அத்தேவைக்குப் போதவில்லை. தொலைவிலிருந்த காடுகளிலோ மரம் மிகுதி. வண்டி செல்லும் வழி இல்லை. எனவே, சுமக்கும் பணியை ஆற்றிடமே ஒப்படைத்தனர்.

ஆனால், இத்ரியிட்சா ஆறு மேற்பகுதியில் சிற்றோடையே. பருத்த கட்டைகளைப் புரட்டிச் செல்லும் வலிமை அதற்கு ஏது? அதனால், ஓடையின் குறுக்கே அணை கட்டி நீரைத் தேக்கினர். வெட்டிய மரங்களை அணைக்குக் கீழே, ஆற்றுப் படுகையிலேயே குவித்துவைத்தனர். நீர் நிரம்பியதும் வாயில்களின் தாழ் விலக்கப்படும். பல நாள் அடங்கிக் கிடந்த நீர் ஒருசேரப் பாய்ந்து, குவியலை அள்ளிக்கொண்டு ஓடும். அவ்வேளை ஆற்றில் நிற்போர் உயிருக்கே இடர் நேரும். கீழே ஊரருகில், சீப்புப் போன்ற நீண்ட மரத்தடுப்பு நீரை விட்டுக் கட்டைகளை மட்டும் பிடித்து நிறுத்தும்.

தொடக்கத்தில் அணைகளையும் மரத்தாலேயே கட்டினர். அவை உளுத்தன, வெள்ளத்தில் உடைந்தன. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், யோஜெஃப் மிராக் என்னும் நிலஅளவையாளர் வகுத்த திட்டப்படி, இத்ரியிட்சாவிலும் அதன் துணையாறான பெல்சாவிலும் கல்லணைகள் எழுந்தன. அவற்றுள் பெரியது 2,00,000 கன மீட்டருக்கும் மிகுதியான நீரைத் தேக்கவல்லது.

இவற்றை ‘ஸ்லோவேனியப் பிரமிடுகள்’ என்று வழங்குவதுண்டு. உவமை பருமைக்கே பொருந்தும். எகிப்தியப் பிரமிடுகள் என்றென்றும் மூடிவைப்பதற்காக எழுந்தவை. இவையோ திறந்துவிடுவதற்கென்றே கட்டப்பட்டவை.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சாலை வழியே மரம் வரத் தொடங்கியதும் மிதவைத் தொழில் நின்றது. அந்நூற்றாண்டின் இறுதியில் சுரங்கமும் ஓய்ந்தது. 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இத்ரியாவை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அணைகளும் அதனுள் அடங்கும். இன்று பாசி படர்ந்த கற்சுவர்களின் வாயில்கள் அடைப்பாரின்றித் திறந்து கிடக்கின்றன. சிற்றோடை அவற்றினூடே ஓடிக்கொண்டிருக்கின்றது.