ஃபார்மட் போடும் முன்பு

கணினி சர்வீஸ் வேலையில் நான் அடிக்கடி கேட்கும் புகார் இதுதான்: "ஆன் பண்ணா லோகோ வருது, நீலமா ஏதோ மின்னுது, திரும்பவும் முதல்லேர்ந்து ஆரம்பிக்குது." இதற்குப் பல இடங்களில் கிடைக்கும் பதில், "ஃபார்மட் போட்டுடலாம்." எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நீலமாக மின்னிய அந்த ஒரு நொடியில் மெஷின் தன் கோளாறைச் சொல்லிவிட்டது. அதைப் படிக்காமல் எல்லாவற்றையும் அழிப்பது வைத்தியமே அல்ல.

படிக்க முடியாததற்கும் காரணம் உண்டு. பெரிய பிழை வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆக வேண்டும் என்பது விண்டோஸிலேயே இயல்பாக இருக்கும் அமைப்பு. முதலில் அதை நிறுத்த வேண்டும். விண்டோஸ் 7 என்றால் ஆன் செய்ததும் எஃப்8 விசையைத் தட்டினால் வரும் பட்டியலிலேயே அதற்கான வரி இருக்கும். 10, 11 பதிப்புகளில் லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் ரிக்கவரி பக்கம் வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 9 என்ற எண்ணை அழுத்தவும். இந்த முறை நீலத்திரை அப்படியே நிற்கும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டால் மட்டும் இதையெல்லாம் செய்யக் கூடாது. உடனே அணைத்துவிட்டு, டேட்டாவை எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதற்குச் சேதம் கூடும்.

லோகோவே வராமல் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸைச் சந்தேகிக்க வேண்டாம். பயாஸ் திரைக்குள் போய்ப் பத்து நிமிடம் சும்மா விட்டுப் பார்ப்பேன். அங்கேயும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ், ரேம், பிராசசர் ஃபேன், மதர்போர்டில் உப்பிய கெப்பாசிட்டர் என்று தேட வேண்டியதுதான். ரேமைக் கழற்றி, தங்கநிறக் காலை அழிரப்பரால் துடைத்துத் திரும்பச் செருகினாலே சரியான மெஷின்கள் நிறைய.

ஒரு ஆடிட்டர் ஆபீஸ் சிஸ்டம் வந்தது. ஜூலைக் கடைசி, ரிட்டர்ன் தாக்கல் நெருக்கடி. இன்னொரு இடத்தில் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள். "தம்பி, டாலி டேட்டா பூரா அதுலதான் இருக்கு, ஃபார்மட் மட்டும் போட்டுடாதப்பா" என்றார் அவர். ரீஸ்டார்ட்டை நிறுத்தினேன். திரையில் நின்ற குறியீடு 7பி என்று முடிந்தது. பூட் ஆக வேண்டிய டிஸ்க்கை விண்டோஸால் அணுக முடியவில்லை என்று பொருள். பயாஸுக்குள் போனால் டிஸ்க்கின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் தேதி பல வருடம் பின்னால் இருந்தது. அந்தத் தேதிதான் எனக்கு விடை.

போர்டில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032. புதிதாக இருந்தால் 3 வோல்ட் காட்டும்; இது மீட்டரில் 2.3 காட்டியது. ஆபீஸில் மாலையானால் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள். பேட்டரி ஓய்ந்ததும் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது. டிஸ்க்கோடு பேசும் முறை ஏஎச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறியிருக்கிறது; விண்டோஸால் டிஸ்க்கை அணுக முடியாமல் போனது அதனால்தான். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, முறையைத் திரும்ப ஏஎச்சிஐ-க்கு வைத்து சேவ் செய்தேன். டாலி திறந்தது, கணக்கு முழுசாக இருந்தது. பேட்டரிக்கு ஆன செலவு ஐம்பது ரூபாய்கூட இல்லை. ஃபார்மட் போட்டிருந்தால் அத்தனை பேருடைய கணக்கும் போயிருக்கும். ஓய்ந்த பேட்டரியோ அப்படியேதான் இருந்திருக்கும்.

அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடில் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் புதிதாக ஏறிய டிரைவரோ மென்பொருளோதான். கடைசியாகப் போட்டதை முதலில் எடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியது என்றால் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸிலேயே அதை நீக்க வழி இருக்கிறது.

2024 ஜூலை 19 அன்று உலகமே இதைப் பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரே ஒரு பிழையான கோப்பால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கும் ஃபார்மட் தேவைப்படவில்லை. சேஃப் மோடில் போய் அந்தக் கோப்பை அழித்தவர்கள் மீண்டார்கள். டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டு இருந்த கணினிகளில்தான் பெரும் தவிப்பு. 48 இலக்க ரிக்கவரி கீ இல்லாமல் உள்ளே போக முடியாது.

இன்று பல விண்டோஸ் 11 லேப்டாப்கள் இந்தப் பூட்டோடுதான் வருகின்றன. வைத்திருப்பவருக்கே அது தெரியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மெஷின் நன்றாக ஓடும்போதே செய்துவிடுங்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, "டேட்டாவை முதலில் எடுத்து வையுங்க, என்னைக் கேட்காமல் ஃபார்மட் போடாதீங்க" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.