காவல் நாயின் வீண் குரைப்பு

கண்டி நகரைச் சூழ்ந்த மலைச்சாரல்களிலே கமக்காரரின் வீடு பெரும்பாலும் தெருவோரத்து மேட்டிலும், வயல் அதன்கீழ்ப் பள்ளத்திலும் அமைந்திருக்கும். தெருவில் பஸ் வண்டியும் முச்சக்கர வண்டியும் பாடசாலைப் பிள்ளைகளும் மீன் வியாபாரியும் ஓயாது செல்வர். இரவானால் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வயலை நோக்கி இறங்கும். இரண்டுக்கும் நடுவே முற்றத்தில் நிற்பது நாய். பகல் முழுவதும் தெருவைப் பார்த்துக் குரைத்த நாய், இரவில் பன்றியைக் கண்டு குரைக்கும்போது வீட்டார் எழுந்திரார். வழக்கமான சத்தம் என்று புரண்டு படுப்பர். பெரும்போகத்து நெல் பால்பிடிக்கும் காலத்திலும், மரவள்ளியும் வற்றாளையும் கிழங்கு வைக்கும் காலத்திலும், அந்த ஓரிரவுக் கவலையீனம் பல மாத உழைப்பை அழித்துவிடக்கூடும். ஆகவே நாய் இரண்டு மூன்று முறை குரைத்து அறிவித்தபின், சொன்ன மாத்திரத்தில் அடங்கப் பழக்குதல் வேண்டும்.

தெருவிற் செல்பவரை நாய் குரைக்கிறது. அவரோ தம் வழியே போய்விடுகிறார். தான் குரைத்ததனாலேயே அவர் அகன்றார் என்று நாய் கொள்கிறது. நாளொன்றுக்கு ஐம்பது முறை இவ்வாறு வெற்றி கண்ட நாய் குரைப்பை விடுமா? வீட்டார் உள்ளிருந்து அதட்டும் சத்தத்தையும், தமக்குத் துணையாக அவர்களும் குரைப்பதாகவே அது எண்ணும்.

முதலிற் செய்யத்தக்கது பார்வையை மறைத்தலாகும். படலையருகே கட்டிய நாயை வீட்டின் பின்புறம் வயலை நோக்கிய இடத்திற்கு மாற்றுதல் நன்று. வேலியின் கீழ்ப்பகுதியில் நாயின் தலைக்கு மேல் உயரும்படி கிடுகு கட்டினால், தெருவின் நடமாட்டம் அதன் கண்ணிற்படாது. குறுகிய சங்கிலியில் நாள் முழுவதும் கிடக்கும் நாய் சினங்கொண்டு குரைக்கும். காலையில் வரம்பு பார்க்கச் செல்லும்போது அதனையும் உடன் கொண்டுசெல்லலாம்.

பின்னர்ச் சொல்லைப் பழக்குதல் வேண்டும். ‘போதும்’ என்பது சோறு பரிமாறும்போதும் சொல்லப்படுவதால் நாய் மயங்கும். ‘அடங்கு’ போன்ற வேறொரு சொல்லைத் தெரிந்துகொண்டு வீட்டார் அனைவரும் அதனையே வழங்குதல் வேண்டும். உப்புப்போகக் கழுவிய நெத்தலிக் கருவாடு அல்லது அவித்த மீன் துண்டு சிலவற்றை எடுத்துக்கொண்டு, நாய் அமைதியாயுள்ள வேளையில் ‘அடங்கு’ என்று மெல்லச் சொல்லி ஒரு துண்டு கொடுக்க வேண்டும். இவ்வாறு காலையும் மாலையும் பத்து முறை, சில நாட்களுக்குச் செய்யலாம். சொல்லைக் கேட்டதும் நாய் கையை நோக்கத் தொடங்கிய பின்னரே குரைக்கும் வேளையில் அதனைப் பயன்படுத்த வேண்டும். நாய் இரண்டு மூன்று முறை குரைத்ததும் அருகே சென்று, ஒரே முறை சொல்லி, துண்டை மூக்கருகே பிடித்தால் மோப்பம் பிடிப்பதற்காகக் குரைப்பை நிறுத்தும். உடனே கொடுத்துவிடுதல் தவறு. மூன்று எண்ணும்வரை அமைதியாயிருந்த பின்னரே கொடுத்தல் வேண்டும். இல்லையேல் குரைத்தால் மீன் கிடைக்கும் என்று பாடம் மாறிவிடும். நாளடைவில் ஐந்து, பத்து, இருபது என எண்ணிக்கையை உயர்த்தலாம். வீட்டுப் பிள்ளையொருவரைத் தூரத்தில் நடக்கச் செய்து, சிறிது சிறிதாக அருகே வரச்செய்வதும் நல்ல பயிற்சியே. மீனையும் கவனியாது நாய் குரைக்குமாயின், நடப்பவர் அளவுக்கு மீறி அருகில் வந்துவிட்டார் என்பது பொருள். சற்றுப் பின்வாங்கச் செய்தல் வேண்டும்.

அடித்துத் திருத்த முயல்வோர் உளர். அடிபட்ட நாய் வழிப்போக்கரைக் காணுந்தோறும் அடியை நினைந்து மேலும் வெறுக்கும். சில நாய்கள் குரையாமலே கடிக்கவும் தலைப்படும். கடிபட்டவர் அயலவராயின் அதனால் வரும் பகையைச் சொல்ல வேண்டியதில்லை.

இரவில் வயற்பக்கம் நோக்கிக் குரைத்தால் வீட்டார் ஒருவர் விளக்குடன் எழுந்து பார்த்தல் வேண்டும். பார்த்தபின் ‘அடங்கு’ எனலாம்; பாராமற் சொல்லுதல் காவலையே கெடுக்கும். நாயைப் பன்றிமீது ஏவுதல் ஆகாது. கொம்பன் பன்றியின் கோரைப்பல் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும்.

பயிற்சியால் தீராத குரைப்பும் உண்டு. சித்திரைப் புத்தாண்டுப் பட்டாசும், எசல பெரஹரா நாட்களின் மேளமும் கசையொலியும் கேட்டு நாய் கத்துவது அச்சத்தினாலாகும். அவ்வேளைகளில் அதனை வீட்டினுள்ளே விடுதல் போதுமானது. நன்றாயிருந்த நாயின் குரல் திடீரென மாறி, உமிழ்நீர் வடிந்து, உணவை விழுங்க முடியாது தவிக்குமாயின் அது விசர்நோயாக இருக்கக்கூடும். அதனைத் தொடாமல், பிள்ளைகளை விலக்கி, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தல் வேண்டும். எவரையேனும் கடித்திருந்தாற் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி இடுவித்து, அதற்குரிய அட்டையைப் பத்திரப்படுத்தி வைத்தல் அவசியம்.